பாடிவிட்டுப் போனால் போதாதா?

கேள்வி: 21 மார்ச் 2024

சங்கீத கலாநிதி சண்டையில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறீர்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். பாடகர் வந்தோமா, பாடினோமா, போனோமா என்று இருந்தால் என்ன? பெரியாரும் சாதியும் தேர்தலும் அவருக்கு எதற்கு? வாயைத் திறந்தால் அடி விழத்தான் செய்யும். விழுந்தபின் புலம்பினால் எப்படி? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

21 மார்ச் 2024, இரவு

நடந்ததை முதலில் வரிசையாக வைத்துக்கொள்வோம். இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நாலு பேரிடம் நாலு கதை கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, 17ஆம் தேதி, இந்த வருட சங்கீத கலாநிதி பட்டம் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு என்று சென்னை மியூசிக் அகாடமி அறிவித்தது. நேற்று பாடகிகள் ரஞ்சனி - காயத்ரி சகோதரிகள், அவர் தலைமையில் நடக்கும் அகாடமியின் டிசம்பர் இசை மாநாட்டில் கலந்துகொள்ள மாட்டோம், டிசம்பர் 25 கச்சேரியும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பெரியாரை அவர் தூக்கிப் பிடிப்பதுதான் அவர்கள் சொன்ன காரணங்களில் பெரியது. திருச்சூர் சகோதரர்கள், விசாகா ஹரி, துஷ்யந்த் ஸ்ரீதர் என்று வரிசை நீள்கிறது. சித்ரவீணா ரவிகிரண் தன் கலாநிதி பட்டத்தையே திருப்பித் தருகிறார். அகாடமித் தலைவர் என். முரளியும் பதிலுக்குச் சூடாகவே எழுதியிருக்கிறார்.

இப்போது உங்கள் கேள்வி. வந்தோமா பாடினோமா போனோமா என்று இருந்த காலம் எது? அகாடமியே 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் பிள்ளை. கூடவே நடந்த இசை மாநாட்டில் முளைத்த யோசனை, மறு வருடம் சங்கமானது. கே.பி. சுந்தராம்பாள் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார், பிற்பாடு மேல்சபைக்குப் போனார். டி.கே. பட்டம்மாள் வெள்ளைக்காரன் இருக்கும்போதே கச்சேரியில் பாரதியைப் பாடினார்.

நாடக நடிகர் விஸ்வநாததாஸைச் சொல்லாமல் விட மனசில்லை. கொக்கைப் பாடுகிற சாக்கில் வெள்ளைக்காரனைப் பாடுவார். போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். திரும்பி வந்து மறுபடி அதையே பாடுவார். 1940 டிசம்பர் 31, ராயல் தியேட்டரில் முருகன் வேஷம். மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று. போலீஸ் ஒரு பக்கம் என்றால், அவர் பிறந்த சாதியைச் சொல்லி ஜோடியாக நடிக்க மாட்டேன் என்ற நடிகைகள் இன்னொரு பக்கம்.

மேடையைப் பகிர மாட்டேன் என்பது நேற்று பிறந்த விஷயம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

22 மார்ச், காலை

"அது சுதந்திரப் போராட்டம், அதை இதோடு சேர்க்காதே" என்று மூன்று பேர். சரி, சேர்க்கவில்லை. தமிழிசையை எடுத்துக்கொள்வோம்.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை மாநாடு கூட்டினார். தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு அதிகம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. இன்றைக்கு இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்றைக்குப் பெரிய வித்வான்களே இரண்டாகப் பிரிந்தார்கள். எதிர்ப்பக்கம் நின்றது அகாடமி. 1946இல் திருவையாறு தியாகராஜர் உற்சவத்தில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியதற்கு வந்த எதிர்ப்பைப் பற்றிக் கருணாநிதி 'குடிஅரசு' இதழில் கட்டுரை எழுதினார். தலைப்பு "தீட்டாயிடுத்து".

இப்போது யாராவது தமிழில் ஒரு பாட்டுப் பாடினால் அதை அரசியல் என்போமா? அதிகம் போனால் துக்கடா, கச்சேரிக் கடைசியில் பாடும் சின்னப் பாட்டு என்போம்.

22 மார்ச், மாலை

தண்டபாணி தேசிகர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்க வேண்டியிருப்பதும் இந்தக் கதையில் சேர்த்திதான்.

23 மார்ச்

இரண்டு நாளாக வரலாறு பேசித் தப்பித்துக்கொண்டேன். நான் கிட்டத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

2018 ஆகஸ்ட். கர்நாடக இசைப் பாடகர்கள் சிலர் கிறிஸ்தவப் பாட்டுப் பாடியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றியது. ஓ.எஸ். அருண் ஒரு நிகழ்ச்சியிலிருந்து விலகினார். நித்யஸ்ரீக்கும் அருணா சாயிராமுக்கும் வசவு. அப்போதுதான் கிருஷ்ணா, இனி மாதம் ஒரு பாட்டு ஏசு மேலோ அல்லா மேலோ வெளியிடுவேன் என்று அறிவித்தார். உடனே அமெரிக்காவில் மேரிலாந்து சிவா விஷ்ணு கோயிலில் அவர் கச்சேரி ரத்தானது. நவம்பரில் டெல்லி நேரு பூங்காவில் விமான நிலைய ஆணையமும் ஸ்பிக் மெக்கே என்ற கலை அமைப்பும் சேர்ந்து நடத்த இருந்த நிகழ்ச்சியிலிருந்து ஆணையம் பின்வாங்கியது. அவர் பாட இருந்த அதே நவம்பர் 17ஆம் தேதி டெல்லி அரசு வேறு இடத்தில் மேடை போட்டுக் கொடுத்தது, கூட்டமும் அள்ளியது. இதெல்லாம் பேப்பரில் வந்தது.

பேப்பரில் வராதது: தாம்பரம் பக்கம் ஒரு சின்ன சபா. நான் அதில் இணைச் செயலாளர். இணைச் செயலாளர் என்றால் நாற்காலி எண்ணுவது, மைக்காரரிடம் கெஞ்சுவது. விநாயகர் சதுர்த்தியை ஒட்டி மூன்று நாள் நிகழ்ச்சி. இரண்டாம் நாள் ஒரு இளம் பாடகியின் கச்சேரி. அந்த வாட்ஸ்அப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. என்றைக்கோ ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார், அவ்வளவுதான். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் தருகிறவர் போன் செய்தார். மிரட்டவெல்லாம் இல்லை. "நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். கமிட்டி கூடி, பதினைந்து நிமிடத்தில் கச்சேரியை எடுத்துவிட்டார்கள்.

அழைப்பிதழ் நானூறு அச்சாகிவிட்டது. மறுபடி அடிக்கக் காசில்லை. "பக்திச் சொற்பொழிவு" என்று ஒரு சீட்டு அடித்து, பாடகி, வயலின், மிருதங்கம் மூன்று பெயர் மேலும் ஒட்ட வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் மைதா பசை காய்ச்சி, நானும் மனைவியும் மகளும் இரவு ஒன்றரை மணி வரை ஒட்டினோம். வெள்ளைத் தாள் மெலிசு. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பெயர் தெரிந்தது. நிகழ்ச்சியன்று முன்வரிசையில் ஒரு மாமா நகத்தால் சீட்டைச் சுரண்டிக்கொண்டே சொற்பொழிவு கேட்டார்.

மிருதங்க வித்வானுக்குப் போன் செய்தது நான். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. அந்தத் தேதிக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனை விட்டிருந்தார். மிருதங்கத்தின் வலது முகத்துக்குப் புதுத் தோல் மூட்டு வேறு போட்டிருந்தாராம். அவருக்கு ஏசுவும் தெரியாது, பட்டியலும் தெரியாது. "பரவாயில்ல சார், அடுத்த வருஷம் கூப்பிடுங்க" என்றார். பேசியிருந்த சன்மானம் 2,500 ரூபாய்.

அடுத்த வருஷம் கூப்பிடவில்லை.

24 மார்ச்

"அப்படியானால் ரஞ்சனி - காயத்ரி செய்ததும் தப்புத்தானே?" என்று கேட்கிறீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் தங்கள் கச்சேரியைத்தான் விட்டார்கள், அடுத்தவர் கச்சேரியை நிறுத்தவில்லை. பெரியாரைப் பற்றி அவர்கள் சொல்வதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் பிடிக்காத இடத்தில் பாட மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. கிருஷ்ணா 2016இல் சென்னையின் மார்கழிக் கச்சேரி சீசனை விட்டு வெளியே வந்ததும் அதே உரிமையில்தான்.

அதற்கும் வம்பு வேண்டாம் என்று சீட்டு ஒட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னதில் பாடகர் தன் பெயரில் நஷ்டப்படுகிறார். பின்னதில் யாரோ போன் செய்கிறார், யாரோ நஷ்டப்படுகிறார்.

ஒரு சின்ன உறுத்தல். பெரிய பாடகர் கச்சேரியை விடும்போது அவரோடு வாசிக்க இருந்தவர்களுக்கும் அந்த நாள் போகிறதே? இதை யோசிக்க வேண்டும். இன்று முடியவில்லை, தண்ணீர் லாரி வந்துவிட்டது.

25 மார்ச்

திருத்தம். கிருஷ்ணா சீசனை விட்டது 2015 டிசம்பரிலிருந்து. 2016 என்பது மகசேசே விருது வாங்கிய வருடம், இரண்டையும் குழப்பிக்கொண்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, இவ்வளவு கோபம் தேவையில்லை.

"சீசனை விட்டுவிட்டுக் குப்பத்தில் பாடுவது ஷோ" என்று எழுதியவருக்கு: நான் ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரை, மணலில் உட்கார்ந்து கேட்டோம். காற்றில் மைக் இரைந்தது, கருவாட்டு வாசனை. எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேரனை மடியில் போட்டுக்கொண்டு முழு ஆலாபனையும் கேட்டார். பக்கத்தில் நகரத்துக்காரர் ஒருவர் அந்தப் பாட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார், பாட்டு அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஷோவா இல்லையா என்றால், போட்டோக்காரரைக் கேட்டால் ஒன்று, பாட்டியைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்.

30 மார்ச்

என் பழைய பதிவு ஒன்றைத் தோண்டி எடுத்துப் போட்டிருக்கிறார் ஒருவர். 2022 ஏப்ரல். அம்பேத்கரையும் மோடியையும் பற்றிய ஒரு புத்தகத்துக்கு இளையராஜா முன்னுரை எழுதி, இருவரையும் ஒப்பிட்டிருந்தார். அன்றைக்கு நான் எழுதியது: "ஆர்மோனியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் ராஜா சார்."

அப்படியே திருச்சி வாசகரின் கேள்வி.

நானேதான் எழுதினேன். இப்போது படித்தால் கூசுகிறது. அதே வாரம் அவர் சாதியைச் சொல்லித் திட்டியவர்களும் இருந்தார்கள், அதைக் கண்டித்து நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஜூலையில் அவருக்கு ராஜ்யசபா நியமனம் வந்ததும் "அதுக்குத்தானா?" என்று ஒரு சிரிப்புப் படம் வேறு போட்டேன்.

அந்த ஒப்பீடு தப்பு என்று இன்றும் நினைக்கிறேன். முன்னுரையை விமர்சித்து நாலு பக்கம் எழுதியிருக்கலாம். "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டதுதான் பிசகு. கிருஷ்ணாவுக்கு ஒரு தராசு, ராஜாவுக்கு ஒரு தராசு வைத்திருந்திருக்கிறேன். பதிவை அழிக்கப் போவதில்லை. கிடக்கட்டும்.

1 ஏப்ரல்

ஏப்ரல் ஃபூல் இல்லை, இது நிஜத் திருத்தம்.

மகள் இந்த இழையைப் படித்துவிட்டாள். 23ஆம் தேதிக் குறிப்பில் "கமிட்டி கூடி, கச்சேரியை எடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறேன். "என்னப்பா, எடுத்துவிட்டார்களா? நீயும்தானே கை தூக்கினே? பசை காய்ச்சும்போது அம்மாகிட்ட சொன்னியே" என்கிறாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயசு. தூங்கி வழிந்துகொண்டே ஒட்டிய பிள்ளைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆமாம், தூக்கினேன். ஏழு பேரில் ஆறு பேர் தூக்கினோம். தூக்காத ஒருவர் பொருளாளர், அவரும் கொள்கைக்காக இல்லை, சீட்டு அடிக்கிற செலவை யோசித்து. அன்றைக்கு எனக்குப் பட்டது இவ்வளவுதான்: அந்தப் பெண்ணுக்கு வேறு சபா கிடைக்கும், எங்களுக்கு வேறு நன்கொடையாளர் கிடைக்க மாட்டார்.

பாடகிக்குக் கிடைத்தது. இன்றைக்கு அவர் நல்ல ஸ்லாட்டுகளில் பாடுகிறார். பார்த்தால் ஒளிந்துகொள்வேன்.

7 ஏப்ரல்

அமெரிக்காவில் இப்படியெல்லாம் இல்லையாம். எழுதியவர் டல்லாஸில் இருக்கிறார். ஐயா, உங்கள் டெக்சாஸ் கதையையே சொல்கிறேன். 2003 மார்ச் 10, ஈராக் போருக்குச் சில நாள் முன்பு. டிக்ஸி சிக்ஸ் என்ற கண்ட்ரி இசைக் குழுவின் பாடகி நேட்டலி மெயின்ஸ் லண்டன் மேடையில், அதிபர் புஷ் எங்கள் டெக்சாஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்று ஒரு வாக்கியம் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம்! கண்ட்ரி வானொலி நிலையங்கள் பாட்டை நிறுத்தின. லூயிசியானாவில் குறுந்தகடுகளைக் குவித்து டிராக்டர் ஏற்றினார்கள். கொலை மிரட்டலும் வந்தது. 2007இல் அதே குழு ஐந்து கிராமி வாங்கியது, ஆனாலும் கண்ட்ரி வானொலி பழையபடி அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

டிராக்டர் ஏற்றியவர்கள் காசு கொடுத்து வாங்கிய குறுந்தகடுகளைத்தானே ஏற்றினார்கள் என்று என் மனைவி கேட்கிறாள். அதுவும் சரிதான்.

9 ஏப்ரல்

மிருதங்கம் பற்றி ஒரு கிளைக்கதை, தேர்தல் சத்தத்தில் மறந்துவிடும் முன். அதன் இரண்டு முகத்துக்கும் மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அதைச் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிக் கிருஷ்ணா ஒரு புத்தகம் எழுதினார். 2020 பிப்ரவரி தொடக்கத்தில் கலாக்ஷேத்ராவில் வெளியீடு நடப்பதாக இருந்தது. பத்திரிகையில் அதன் பகுதி வந்ததும் அரங்கத்துக்குக் கொடுத்த அனுமதியை வாபஸ் வாங்கினார்கள். விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது.

தோல் மேடையில் இருக்கலாம், தோலைப் பற்றிய பேச்சுத்தான் கூடாது.

20 நவம்பர் 2024

ஏழு மாதம் தூங்கிய இழையை உயர் நீதிமன்றம் எழுப்பிவிட்டது. நேற்று நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன், எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் கிருஷ்ணாவுக்கு விருது கொடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்திருக்கிறார். வழக்குப் போட்டவர் எம்.எஸ்ஸின் பேரன் ஸ்ரீநிவாசன். தன் பெயரில் நினைவகமோ அறக்கட்டளையோ வேண்டாம் என்று எம்.எஸ். உயில் எழுதியிருக்கிறார் என்பது ஒரு வாதம். கிருஷ்ணா எம்.எஸ்ஸைப் பற்றி எழுதியது அவமதிப்பு என்பது இன்னொன்று.

"கலாநிதியைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று யாரும் குதிக்க வேண்டாம். இரண்டும் வேறு. சங்கீத கலாநிதி அகாடமியின் பட்டம். எம்.எஸ். பெயரிலான விருது 'இந்து' குழுமம் 2005 முதல் கலாநிதிக்குக் கொடுக்கும் ஒரு லட்ச ரூபாய். தடை இரண்டாவதற்குத்தான்.

கிருஷ்ணாவின் 2015 கட்டுரையை நேற்று இரவு மறுபடி படித்தேன். எம்.எஸ். தேவதாசி மரபிலிருந்து வந்து மேல்சாதி ரசிகர்களுக்கு ஏற்ற பிம்பமாக மாறியதைப் பற்றியது. வெறுப்பில் எழுதியதாகப் படவில்லை. இரண்டு மூன்று இடத்தில் முகம் சுளித்தேன், மறைக்கவில்லை. ஆனால் 1968இல் ஒரு பெண்ணுக்கு அகாடமி முதல் முதலாகக் கலாநிதி கொடுத்தது யாருக்கு என்று பாருங்கள், எம்.எஸ்ஸுக்கு. அதற்கு முன்னால் இத்தனை வருஷம் பெண் குரலே காதில் விழவில்லையா என்று கேட்டால் அதுவும் அவமதிப்பா?

17 டிசம்பர்

தலை சுற்றுகிறது, குறித்து வைக்கிறேன். 13ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. 15ஆம் தேதி விருதைக் கொடுத்துவிட்டார்கள். 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கொடுத்தது கொடுத்ததுதான், ஆனால் இப்போதைக்கு அவரை அந்த விருது பெற்றவராகக் கருதக் கூடாது, அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறது. வாங்கியிருக்கிறார், ஆனால் வாங்கியவர் இல்லை. எங்கள் சபாவில் சீட்டு ஒட்டியது ஞாபகம் வருகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

5 ஜனவரி 2025

ஒன்றாம் தேதி அகாடமியின் பட்டமளிப்பு விழாவான சதஸில் கலாநிதி கொடுத்தாகிவிட்டது. அகாடமியில் அவர் பாடவும் பாடினார். யாரும் அரங்கத்தைக் கொளுத்தவில்லை. கேன்டீனில் அடை தீர்ந்துபோனதுதான் நான் கேள்விப்பட்ட பெரிய கலவரம்.

மார்ச் 24இல் பாதியில் விட்ட உறுத்தல் பாக்கி இருந்தது. மகளும் விடவில்லை. அந்த மிருதங்க வித்வானின் எண் பழைய டைரியில் இருந்தது. முந்தாநாள் மாலை கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது, ஏதோ ரிசப்ஷன். பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். 2018, சதுர்த்தி, ரத்தான கச்சேரி, பேசின 2,500 ரூபாயை இப்போதாவது அனுப்புகிறேன், ஜிபே எண் இதுதானா என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எந்த சபா சார்? அந்த வருஷம் மூணு போச்சு."